அஸ்கா, கொறங்காடு, வருதான்: வட்டார வழக்கு குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, சென்னையில் படித்து, திருநெல்வேலிச் சீமையில் இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று ஊர்ப் பேச்சுக்கும் நடுவே வாழ நேர்ந்ததால் வட்டார வழக்கின்மேல் ஈடுபாடு உண்டாயிற்று. உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வட்டாரச் சொற்கள் அழிகின்றன என்று ஒவ்வொரு தலைமுறையும் புலம்புகிறது. உண்மையாகவே அழிகின்றனவா, இல்லை முதியவர்களின் ஏக்கம்தானா? (கோயம்புத்தூர்)

ஏக்கமும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. ஆனால் இரண்டு வேறு வகையான இழப்புகளை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதலாவது, பொருளோடு போகிற சொற்கள். கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைப்பதை எங்கள் பக்கம் கவலை ஓட்டுவது என்பார்கள். தெற்கே போனால் அதுவே கமலை. சால், வடம், வால்கயிறு, உருளை என்று அதற்கென ஒரு சொற்குடும்பமே இருந்தது. மின் மோட்டார் வந்த பிறகு கவலை நின்றது. கவலை நின்ற பிறகு வால்கயிற்றைப் பற்றிப் பேச யாருக்கும் வேலை இல்லை. அளவைகளுக்கும் இதே கதிதான். தஞ்சையில் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நெல்லையில் இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. கொங்கில் நான்கு படி ஒரு வள்ளம். 1956ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டம் நாடு முழுவதற்கும் கிலோவையும் லிட்டரையும் கொண்டுவந்தது. அதன் பிறகு சந்தையில் இச்சொற்களுக்கு வேலை குறைந்தது. பேரனுக்குச் சொல்லும் கதைகளில் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன.

இவ்வகையில் இன்னும் உயிரோடு இருக்கும் சொல் ஒன்றையும் சொல்ல வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய்வதற்கென்றே விட்டுவைக்கும் மானாவாரி நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். 'மேய்ச்சல் நிலம்' என்று எழுதினால் வேலியும் போய்விடும், அது ஒருவருடைய சொந்த நிலம் என்பதும் போய்விடும். காங்கேயம் மாடு வளர்ப்போர் இருக்கும்வரை இந்தச் சொல்லும் இருக்கும் என்பது என் கணிப்பு. இதைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் அகராதியைவிட மாட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது வகையில் பொருள் அப்படியே இருக்கும், சொல் மட்டும் விலகும். நான்கு பேர் சேர்ந்து போவதை யாரும் நிறுத்திவிடவில்லை. ஆனால் 'ஒட்டுக்காப் போலாம்' என்று சொல்வது குறைந்துவிட்டது. 'அக்கட்டால' (அந்தப் பக்கம்), 'பொழுதோட' (மாலையில்), 'வெருசா' (விரைவாக) எல்லாம் இப்படித்தான். இவற்றை எந்த மோட்டாரும் சட்டமும் ஒழிக்கவில்லை. நான் சென்னைக்குப் படிக்கப் போன முதல் வாரத்தில் விடுதியில் 'ஒட்டுக்கா' என்று சொன்னேன். அறையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். பிறகு மூன்றாண்டுகள் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான், ஆனாலும் அது போதுமானதாக இருந்தது.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் 'அவன் வருதான்', 'டீச்சர் நிக்காவ' என்று பேசுகிறார்கள். திருத்த வேண்டுமா? (திருநெல்வேலி மாவட்டம்)

எழுத்தில் திருத்துங்கள், பேச்சில் கைவைக்காதீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை நீங்கள் கவனித்துவிட்டால் திருத்தும் முறையே மாறிவிடும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எழுத்துத் தமிழில் ஓடுகிறான், படிக்கிறான் இரண்டிலும் நிகழ்காலத்துக்கு 'கிறு' வருகிறது. நெல்லைப் பேச்சு இவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. ஓடு, சொல், செய் போன்றவை ஓடுதான், சொல்லுதான், செய்யுதான் என்று தகரம் பெறும். படி, நில், கேள் போன்றவை படிக்கான், நிக்கான், கேக்கான் என்று றகரத்தை விட்டுவிடும். எந்த வினை எந்த அணியில் சேரும் என்பதில் ஐந்து வயதுக் குழந்தை தவறு செய்யாது. 'படிதான்' என்று எந்தப் பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் குறிப்பிட்ட 'நிக்காவ' என்பதில் மரியாதைப் பன்மையும் இருக்கிறது. அந்தப் பிள்ளை உங்களை மதித்துப் பேசியிருக்கிறது.

ஆகவே, 'தப்பாகப் பேசுகிறாய்' என்று சொல்லாமல், 'நாம் இப்படிப் பேசுகிறோம், நோட்டில் இப்படி எழுதுவோம்' என்று இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிப் பாருங்கள். நான் கல்லூரி மாணவர்களிடம்தான் இதைச் செய்தேன். இலக்கண வகுப்பில் தூங்குகிறவர்கள்கூட அன்று மட்டும் விழித்திருந்தார்கள்.

கேள்வி: 'வாளப்பளம்' என்பவர்கள் தமிழைக் கொலை செய்கிறார்கள் அல்லவா? ழகரத்தைக் காப்பாற்ற என்ன வழி? (சென்னை)

செய்தி வாசிப்பவரும் மேடையில் பேசுபவரும் ழகரத்தைச் சரியாக ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தென் மாவட்டங்களிலும் ஈழத்திலும் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்து நெடுங்காலமாகிவிட்டது. உங்கள் சென்னையின் பழைய பேச்சில் அது யகரமாகி 'வாயப்பயம்' ஆயிற்று. தெற்கத்தியரைக் குற்றம் சொல்வதற்குமுன் இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னைத் தமிழ் என்பது வட்டார வழக்கா, வெறும் கலப்படமா? (காஞ்சிபுரம்)

வட்டார வழக்குதான். உட்காருவதைக் 'குந்து' என்பதும், அழைத்துக்கொண்டு வருவதை 'இட்டுனு வா' என்பதும், 'அப்பால' என்பதும் தமிழின் பழைய சொற்கள்தாம். மற்ற ஊர்கள் கைவிட்டதை அந்த மக்கள் வைத்திருக்கிறார்கள். துட்டு டச்சுக்காரர்களின் நாணயப் பெயரிலிருந்தும், பேஜார் உருது வழியாகப் பாரசீகத்திலிருந்தும் வந்தன. துறைமுகம் இருக்கிற ஊரில் சொல்லும் இறக்குமதியாகத்தான் செய்யும். இதே சொற்களை ஒரு பேராசிரியர் ஆய்வேட்டில் பட்டியலிட்டால் 'மொழித் தொடர்பு' என்போம். ரிக்சா ஓட்டுபவர் பேசினால் 'கலப்படம்' என்கிறோம். நகரத்தின் பழைய குடியிருப்புகளை அப்புறப்படுத்தித் தொலைவில் குடியமர்த்தும்போது அங்கிருந்த பேச்சும் சிதறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எல்லா ஊர்ப் பேச்சும் ஒன்றாகிவருவதற்குச் சினிமாவும் தொலைக்காட்சியும்தான் காரணமா? (திருச்சி)

பெரும்பங்கு அவற்றுக்கு உண்டு. வட்டாரமும் சாதியும் சட்டெனத் தெரியாத ஒரு பொதுப் பேச்சுத் தமிழ் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. வானொலி நாடகமும் திரைப்படமும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. தஞ்சாவூர்க்காரரும் தூத்துக்குடிக்காரரும் ஒருவரையொருவர் சிரமமின்றிப் புரிந்துகொள்ள அது உதவியது என்பதையும் மறுக்க முடியாது.

என் குறை வேறு. திரையில் நாயகன் பொதுத் தமிழ் பேசுவான்; வட்டார வழக்கு நகைச்சுவைக்காரருக்கோ அரிவாள் ஏந்தியவருக்கோ ஒதுக்கப்படும். அண்மைக் காலத்தில் விதிவிலக்குகள் வந்திருந்தாலும் நெடுங்காலம் இதுவே வழக்கம். கொங்குத் தமிழ் என்றால் எல்லாச் சொல்லுக்குப் பின்னாலும் 'ங்க' ஒட்டினால் போதும், நெல்லை என்றால் 'ஏலே' போதும் என்று எழுதினார்கள். அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் தம் பேச்சைத் திரையில் கேட்டபோதெல்லாம் அரங்கம் சிரித்தது. என் விடுதி அறையில் நடந்ததையே பெரிய அளவில் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பேச்சை வைத்தே சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வழக்குகள் ஒழிவது நல்லதுதானே? ஏன் வருந்த வேண்டும்? (மதுரை)

வந்த கேள்விகளில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இதுதான். வட்டார வழக்கு என்று நாம் கொண்டாடுகிற சொற்களில் கணிசமானவை அந்த வட்டாரத்தில் ஒரு சாதியாரின் அல்லது ஒரு சமயத்தாரின் வழக்குகள். உறவுப் பெயர்களில் இது பளிச்சென்று தெரியும். தாயின் தந்தையை அப்புச்சி என்றோ, தந்தையை அத்தா என்றோ வாப்பா என்றோ அழைப்பவர் எந்த ஊர், எந்த மக்கள் என்பதைக் கேட்பவர் ஊகித்துவிடுவார். ஆச்சி என்ற ஒரே சொல் நெல்லையில் பாட்டி, செட்டிநாட்டில் வயதில் மூத்த பெண்ணுக்கு மரியாதை விளி.

நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் ஓர் இளைஞர், வீட்டுக்காரர் தன் பேச்சைக் கூர்ந்து கேட்கிறார் என்று தெரிந்து பொதுத் தமிழுக்கு மாறினால், 'உன் வேரை இழக்காதே' என்று அவருக்கு அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொதுத் தமிழ் அவருக்கு ஒரு போர்வை. ஆண்டான் முன்னால் கைகட்டி நின்று பேசிய பணிவுச் சொற்கள் வழக்கொழிந்ததற்கும் நான் வருந்தமாட்டேன். ஆவணமாக எங்காவது இருக்கட்டும், யார் வாயிலும் வேண்டாம். ஆனால் புழுதி உழவுக்கும் மழையின் வகைகளுக்கும் மீனின் பருவத்துக்கும் உள்ள சொற்கள் யாரையும் இழிவுபடுத்தியவை அல்ல. அவையும் அதே வெள்ளத்தில் போகின்றன என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்தோம். பிள்ளைகள் இந்தியத் தொடர்களைப் பார்த்து 'பேசுறேன்' என்கிறார்கள். 'கதைக்கிறன்' என்பது குறைகிறது. இது பெரிய இழப்பா? (டொராண்டோ)

'கதைக்கிறன்' போவதைவிட 'உது' போவதுதான் பெரிய இழப்பு என்பேன். 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்பது தொல்காப்பியம். தமிழகத்துப் பேச்சில் அதுவும் இதுவும் மட்டும் எஞ்சிவிட்டன. உது, உவன், உங்கை என்று கேட்பவர் பக்கத்தில் உள்ளதைச் சுட்டும் மூன்றாவது சுட்டை யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பேச்சில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வகுப்பில் நூற்பாவாக மனப்பாடம் செய்ததை உங்கள் பாட்டி 'உதை எடுத்துத் தா' என்று சாதாரணமாகச் சொல்லியிருப்பார். பிள்ளைகளிடம் இந்த ஒன்றையாவது தொடர்ந்து பேசுங்கள். மட்டக்களப்பார் 'பிறகு' என்பதை 'மறுகா' என்று சொல்வதைப் பார்த்து யாழ்ப்பாணத்தார் சிரிப்பதுண்டு என்று கேள்விப்படுகிறேன். அந்தச் சிரிப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஊர்ச் சொற்களைத் தொகுக்க விரும்புகிறேன். மொழியியல் படித்தவன் அல்லன். எங்கே தொடங்குவது? (விருத்தாசலம்)

மொழியியல் பட்டம் தேவையில்லை என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கமே சான்று இருக்கிறது. கரிசல் வட்டாரத்துக்கு 1982இல் சொல்லகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் விவசாயி, கொங்குக்கு 2000இல் தொகுத்த பெருமாள்முருகன் கல்லூரித் தமிழாசிரியர், உங்கள் நடுநாட்டுக்கு 2007இல் தொகுத்த கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளி. மூவரும் கதாசிரியர்கள், அதாவது பேச்சைக் காதால் வாங்கப் பழகியவர்கள். அதற்கு முன்பே, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலும் வட்டாரச் சொற்களுக்குத் தனிக் குறி இட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாண வழக்கென்றும் நாஞ்சில் நாட்டு வழக்கென்றும் பிரித்துக் காட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

வழிமுறையில் என் அனுபவம் ஒன்றுதான். 'உங்கள் ஊர்ச் சொற்களைச் சொல்லுங்கள்' என்று பெரியவர்களிடம் கேட்டால் ஒன்றும் வராது. அவர்களுக்கு அவை 'ஊர்ச் சொற்கள்' அல்ல, வெறும் சொற்கள். மாறாக, கூடை பின்னுகிறவர் பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் கேளுங்கள், ஆட்டுப்பட்டியில் கேளுங்கள், அடுப்படியில் கேளுங்கள். தனிச் சொல்லாகக் குறிக்காமல், அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, யார், என்ன தொழில், என்ன வயது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒலியாகவும் பதியுங்கள், ஆனால் அனுமதி கேட்டுப் பதியுங்கள். அகராதியில் சொல் கிடைக்கும், இழுவை கிடைக்காது. கிரியர்சன் மேற்பார்வையில் நடந்த இந்திய மொழிகள் அளவையின்போது, 1913க்கும் 1929க்கும் இடையில், பல மொழிகளையும் கிராமபோன் தட்டுகளில் பதிந்தார்கள். இன்று இணையத்தில் அவற்றைக் கேட்கலாம். ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஒலிப்பதிவின் அருமை புரியும்.

கேள்வி: தொல்காப்பியர் சொல்லும் திசைச்சொல் என்பது வட்டார வழக்குதானா? (நாகர்கோவில்)

செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொற்கள் என்றே அவர் வரையறுப்பதால் நெருங்கிய கருத்துதான். தொல்காப்பிய உரையாசிரியர் சேனாவரையர் தரும் எடுத்துக்காட்டுகளில், அந்நிலங்களில் ஒன்றான குட்டநாட்டின் மக்கள் தாயைத் 'தள்ளை' என்பர் என்று ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடியிலும் திருவனந்தபுரம் பக்கமும் 'தள்ள' என்பது இன்றும் காதில் விழும். மதிப்புக் குறைந்து, சண்டையில்தான் பெரும்பாலும் வரும்.

கேள்வி: எங்கள் பாட்டி வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்பார். கடையில் கேட்டால் இப்போது யாருக்கும் புரியவில்லை. என்ன சொல் இது? (சேலம்)

என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். தெற்கே அதைச் சீனி என்பார்கள், சென்னையில் சர்க்கரை. எங்கள் பக்கம் சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரையைத்தான் குறிக்கும் என்பதால் வெள்ளையாக வந்ததற்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. அஸ்கா என்பது கஞ்சம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை இருந்தது. கஞ்சம் 1936இல் ஒரிசாவோடு சேரும்வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. ஊரின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. பாட்டி இருந்தால், வெல்லத்துக்கும் கற்கண்டுக்கும் என்ன பெயர் சொல்வார் என்றும் கேட்டு எழுதுங்கள்.