சைக்கிளில் காயும் சாரம்

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. சீனி வருத்தம் இருக்கிறது. இடது முழங்காலும் சரியில்லை. கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து பிடிபடுவதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகன் புத்தகம் வாசிக்கும் மின்வாசிப்பான், ஸ்மார்ட் மணிக்கூடு, வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள் மூன்றுக்கும் காசு தருகிறேன் என்கிறான். அந்த மணிக்கூடு ஊசி குத்தாமலே சீனியைக் காட்டுமாம். நீங்கள் இவற்றையெல்லாம் வாங்கிப் பார்த்தவர். எது உருப்படி?

க., உப்புவெளி, திருகோணமலை

அன்பின் க. அவர்களுக்கு,

முதலில் சீனிக் கதையை முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் காசோடு போகிற விஷயம். தோலில் குத்தாமல் சீனி அளக்கும் மணிக்கூடோ மோதிரமோ எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. கையில் உணரி ஒன்றைக் குத்தி ஒட்டிக்கொள்ளும் வகை வேறு. அதில் அளப்பது தோலுக்குள் இருக்கும் இழை, மணிக்கூடு எண்ணைக் காட்டுவதோடு சரி. வெறும் மணிக்கூட்டு எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால் சீனி இறங்கி ஆளே விழுந்துவிடலாம். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

சீனியை விட்டால் மணிக்கூடு ஒரு நல்ல விளையாட்டுச் சாமான். அடியில் மின்னும் பச்சை வெளிச்சத்தை இரத்தம் உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் மாறும். அதை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. வார் தொளதொளத்தால் கணக்குப் பிசகும். அடிகளை எண்ணுவது கையாட்டத்தை வைத்து. ஒரு நாள் காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு உவர்மலை ஏற்றம் ஏறினேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, மணிக்கூட்டில் அரைவாசி அடிகூட ஏறவில்லை. ஹாண்டிலைப் பிடித்த கை ஆடினால்தானே! வீட்டுக்கு வந்து சம்பலுக்குத் தேங்காய் திருவினேன். திருவலையில் குந்தியிருந்தபடியே நானூறு அடி நடந்திருக்கிறேன். பத்தாயிரம் அடி என்கிறார்களே, அதுவும் மருத்துவர் யாரும் கண்டுபிடித்த எண் அல்ல. 1965இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அடி அளக்கும் கருவி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி'. உங்கள் முழங்காலுக்கு எத்தனை அடி தாங்கும் என்று கிளினிக்கில் கேளுங்கள். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுவது மான்களைப் பார்த்துக்கொண்டு சுகமாகத்தான் இருக்கும், இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். டச்சுக்குடா ஓரத்துச் சமதரை உங்களுக்குப் போதும்.

மின்வாசிப்பானை யோசிக்காமல் வாங்குங்கள், ஆனால் பெரியதாக. போன் திரை போல இது கண்ணுக்குள் வெளிச்சம் அடிப்பதில்லை. திரைக்குள் நுண்ணிய கறுப்பு, வெள்ளைத் துணிக்கைகள். மின்னேற்றம் கறுப்பை மேலே இழுத்தால் அது எழுத்து. பக்கம் புரட்டும்போதுதான் மின்சாரம் செலவு, பிறகு எழுத்து அப்படியே நிற்கும். 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, என் வாசிப்பான் சார்ஜ் கேட்கவே இல்லை. காலை வெயிலில் டச்சுக்குடா மணலில் இருந்து வாசித்தால் எழுத்து இன்னும் கறுப்பாகத் தெரியும். போனில் அந்த வெயிலுக்கு உங்கள் முகம்தான் தெரியும்.

'பெரியதாக' என்றதற்குக் காரணம் இருக்கிறது. மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி 1998இல் இருந்து தட்டச்சு செய்து இணையத்தில் தரும் பழைய தமிழ் நூல்களில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருப்பிக்கலாம். வரி தானாக மடியும். ஆனால் நீங்கள் தேடப்போவது ஈழத்துச் சஞ்சிகைகளும் பழைய மலர்களும் என்று நினைக்கிறேன். அவை 'நூலகம்' என்ற ஈழத்து ஆவண இணையத்தளத்தில் உள்ளன. பெரும்பாலும் பக்கத்தைப் படமாக எடுத்த பிடிஎஃப். ஆறு அங்குலத் திரையில் முழுப் பக்கமும் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். பெருப்பித்தால் ஒரு வரியை வாசிக்க இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய சின்னது அப்படித்தான் மேசை இலாச்சிக்குள் போனது. போதாததற்கு, அதற்குத் தமிழ் எழுத்தைக் கோர்க்கத் தெரியாது. 'கொக்கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி போட்ட வட்டம். ஆகவே பத்து அங்குலத்துக்குக் குறையாமல் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்ப முன்பு ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, படம் பிடித்து உங்களுக்கு அனுப்பட்டும். விலை கூடத்தான். மணிக்கூட்டுக் காசையும் சேர்த்தால் சரி.

சைக்கிள். முழங்கால்காரருக்கு மிதிப்பது நல்லது, உடல் பாரம் காலில் இறங்காது. குற்றம் சைக்கிளில் இல்லை, என்னில்தான். பத்தொன்பது நாள் மிதித்தேன். எங்கே போனாலும் அதே சுவர். அதன் பிறகு அதில் சாரம் காயப்போடுகிறோம். கடல் காற்றுக்குப் போல்ட் இரண்டு துரு ஏறியிருக்கிறது, மிதி நன்றாகச் சுற்றுகிறது. மகனிடம் காசு கேட்க முன்பு ஓட்டோ பிடித்து வந்து என்னுடையதை ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு மாதம் மிதித்துப் பாருங்கள். பிடித்தால் வைத்திருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பித் தர வேண்டாம், உங்கள் வீட்டிலும் சாரம் காய வேண்டும்தானே.