டிசைனர் ஹேண்ட்பேக் அந்த விலைக்கு வொர்த்தா? பேக் மாஸ்டர்கிட்ட கேளுங்க

வணக்கம். சென்னையில ஹேண்ட்பேக் எக்ஸ்போர்ட் பண்ற கம்பெனிகள்ல சாம்பிள் மாஸ்டரா ரொம்ப வருஷம் வேலை பாத்தவன். பேட்டர்ன் வெட்டறது, தோல் செலக்‌ஷன், ஸ்கைவிங், தையல், ஃபினிஷிங் எல்லாம் கை பட்ட வேலை. பை பத்தி எது வேணாலும் கேளுங்க. ரெண்டு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். ஒண்ணு, ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது பிராண்டை பாத்து அப்படியே செஞ்ச போலி பை, எங்க கிடைக்கும்னு என்கிட்ட கேக்காதீங்க. ரெண்டு, லெதர் பையை பாலிதீன் கவர்ல கட்டி பீரோவுல வைக்காதீங்க.

நித்யா, கோவை: மாஸ்டர், லூயி விட்டான் நெவர்ஃபுல் வாங்கணும்னு காசு சேத்துட்டு இருக்கேன். ஒண்ணரை லட்சத்துக்கு மேல போகுது. ஃபுல் லெதர்தானே அது?

இல்லம்மா. அந்த பிரவுன் மோனோகிராம் பாடி மொத்தமும் துணி. காட்டன் கேன்வாஸ் மேல பிவிசி கோட்டிங் ஏத்தினது. அந்த டிசைன் 1896ல ஜார்ஜ் விட்டான் போட்டது, பெட்டிக்குன்னு வந்ததுதான் பின்னாடி பைக்கு வந்துச்சு. ஹேண்டிலும் ஓர பட்டியும் மட்டும் மாட்டுத்தோல், அதுவும் மேல எந்த பூச்சும் இல்லாத வெஜிடபிள் டேன் (மரப்பட்டை மாதிரி தாவர சாறுல பதப்படுத்தின தோல்), அதனால வெயிலும் கையும் பட்டு தேன் கலருக்கு மாறும், தண்ணி சொட்டினா கறை அப்படியே நிக்கும். கேன்வாஸ் மோசம்னு சொல்லல, மழை தாங்கும், சீக்கிரம் கீறல் விழாது, தினம் ஆஃபீசுக்கு தூக்கிட்டு போறவங்களுக்கு லெதரை விட அது சுலபம். ஆனா தோலுக்குன்னு நெனச்சு ஒண்ணரை லட்சம் குடுக்கறீங்கன்னா அந்த கணக்கு தப்பு. டிசைன் புடிச்சிருக்கு, அந்த பேரு புடிச்சிருக்குன்னா தாராளமா வாங்குங்க. ஆஃபர் வரும்னு மட்டும் காத்திருக்காதீங்க, அவங்க தள்ளுபடியே போட மாட்டாங்க.

ஷாலினி: கடையில பையை கையில எடுத்தா எத பாக்கணும்? லோகோ தவிர எனக்கு எதுவும் தெரியல.

இந்த கேள்விக்குத்தான் உக்காந்திருந்தேன். லோகோவை கையால மறைச்சுட்டு மொதல்ல ஓரத்தை பாருங்க. ரெண்டு மூணு அடுக்கு தோலை ஒட்டி வெட்டின எடம் இருக்கும் பாருங்க, ஹேண்டில் ஓரம், ஸ்ட்ராப் ஓரம், அங்க எட்ஜ் கலர் அடிச்சிருப்பாங்க. ஒரு கோட் அடிச்சு காய வெச்சு தேச்சு, மறுபடி அடிச்சு தேச்சு, இப்படி மூணு நாலு தடவை பண்ணினாத்தான் அது கண்ணாடி மாதிரி வழுவழுன்னு உருண்டு நிக்கும். அவசரத்துக்கு ஒரே கோட்ல கெட்டியா இழுத்திருந்தா நகத்தால லேசா அழுத்தினாலே அடுக்கு பிரியற கோடு தெரியும், அந்த பை ஒரு வருஷத்துல ஓரம் ஓரமா தோலுரிய ஆரம்பிக்கும்.

அடுத்து மூலை. தோலை மடிச்சு தைக்கற எடத்துல உள்பக்கமா சீவி மெலிசாக்கணும், அதுதான் ஸ்கைவிங். சரியா சீவலைன்னா மூலை தடியா முண்டிக்கிட்டு நிக்கும், அதிகமா சீவிட்டா சீக்கிரம் ஓட்டை விழும். அப்புறம் ஹேண்டில் பாடியில சேர்ற எடம், மொத்த வெயிட்டும் அங்கதான் தொங்குது, உள்ள ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் வெச்சிருக்கானான்னு விரலால அழுத்தி பாருங்க, வெறும் தோலா தொளதொளன்னு இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க. ஜிப்பை பத்து தடவை தெறந்து மூடுங்க, மூலை திரும்பற எடத்துல ரன்னர் மாட்டுதான்னு பாருங்க. ஒய்கேகே, ரிரி மாதிரி நல்ல ஜிப் கம்பெனி பேரு போட்டிருந்தா நல்லது. ஃபிட்டிங்ஸ்ல வெயிட்டான பித்தளை வேற, மெலிசா முலாம் பூசின ஸிங்க் வேற, கையில தூக்கினாலே தெரியும்.

'ஜென்யுன் லெதர்'னு முத்திரை இருக்குன்னு நம்பிடாதீங்க. தோலோட அடி அடுக்கை, நாங்க ஸ்ப்ளிட்னு சொல்வோம், அது மேல பாலியூரித்தேன் படலம் ஒட்டிட்டு அதுக்கும் அதே முத்திரையை குத்தறான்.

இதெல்லாம் ஒழுங்கா பண்ணின பை நம்ம ஊருல 10,000, 15,000 ரூபாய்க்கே கிடைக்கும். அதுக்கு மேல போகப் போக வேலைக்கு குடுக்கற காசு கொறைஞ்சு பேருக்கு குடுக்கற காசு ஏறும், இது என் அனுபவத்துல நான் சொல்ற கணக்கு.

கார்த்திக்: மாஸ்டர், ஒய்ஃப் பர்த்டே. ஃபர்ஸ்ட் காப்பி நல்லதா எங்க...

மொத பாராவை படிங்க தம்பி.

பிரியதர்ஷினி, சிங்கப்பூர்: எர்மெஸ் கம்பெனியோட பர்கின் பை மட்டும் ஏன் பத்து லட்சம், இருபது லட்சம்னு போகுது? அதுல அப்படி என்னதான் இருக்கு?

வேலை நிஜமாவே இருக்கு, அதை ஒத்துக்கணும். எர்மெஸ்ல சாடில் ஸ்டிச், குதிரை சேணம் தைக்கற தையல். 1837ல கம்பெனி ஆரம்பிச்சதே குதிரை சாமானுக்குத்தான். மெழுகு தேச்ச லினன் நூல் ஒண்ணு, அதோட ரெண்டு முனையிலும் ஊசி, ஒரே ஓட்டையில ரெண்டு ஊசியும் எதிரெதிரா போகும். மெஷின் தையல்ல மேல் நூலும் அடி நூலும் ஒண்ணை ஒண்ணு மாட்டி இழுத்து நிக்குது, ஒரு எடத்துல அறுந்தா வரிசையா பிரியும். இதுல ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்து தையல் நிக்கும். ஒரே கைவினைஞர் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரு பையை செய்யறார், பதினஞ்சு இருபது மணி நேரம் ஆகும்னு சொல்வாங்க.

சரி, பிரான்ஸ் சம்பளத்துலயே கணக்கு போடுங்க, ஒசந்த தோல், ஃபிட்டிங்ஸ், கடை வாடகை எல்லாத்தையும் சேத்தாலும் அந்த விலையில பாதி கூட வராது. மிச்சமெல்லாம் கிடைக்காதுங்கறதுக்கான விலை. கடைக்கு போய் ஒரு பர்கின் குடுங்கன்னு கேட்டா குடுக்க மாட்டாங்க. மத்த சாமானை வாங்கினாத்தான் பை காட்டறாங்கன்னு 2024ல கலிஃபோர்னியால கேஸே போட்டாங்க, அது நிக்கல.

அந்த பைக்கு பேரு வந்ததே நடிகை ஜேன் பர்கினாலதான். அவங்களுக்குன்னு மொதமொதல்ல செஞ்ச பை 2025 ஜூலையில பாரிஸ்ல சாத்பீஸ் ஏலத்துல 86 லட்சம் யூரோவுக்கு போச்சு. அந்த பையோட போட்டோவை பாருங்க. கீறல், ஸ்டிக்கர் ஒட்டி பிச்ச அடையாளம், ஸ்ட்ராப்ல ஒரு நகவெட்டி வேற தொங்குது. அந்தம்மா சந்தைப்பை மாதிரி திணிச்சு திணிச்சு உபயோகிச்சிருக்காங்க, வாங்கினவங்கதான் கண்ணாடி பெட்டிக்குள்ள வெப்பாங்க.

தேவி: டிசம்பர் மழையில என் லெதர் பை ஃபுல்லா வெள்ளையா பூஞ்சை. புது பை மாஸ்டர்.

எதுல வெச்சிருந்தீங்க? பாலிதீன் கவர்லதானே. தோல் ஈரத்தை இழுக்கும், விடும், கவர்ல கட்டினா விடறதுக்கு வழியில்ல. காஞ்ச மெத்துன்னு இருக்கற துணியால தொடைச்சு, நிழல்ல காத்தாட தொங்கவிடுங்க, வெயில்ல போடாதீங்க. அப்புறம் பழைய காட்டன் தலையணை உறைக்குள்ள போட்டு, உள்ள நியூஸ்பேப்பரை நேரா வைக்காம (மை ஒட்டும்) வெள்ளை பேப்பரை கசக்கி வெச்சு, சிலிகா ஜெல் பாக்கெட் ரெண்டு போடுங்க.

செந்தில், ஆம்பூர்: மாஸ்டர், இத்தாலியில டியோர் பை 53 யூரோவுக்கு செஞ்சு 2,600 யூரோவுக்கு வித்தானே, அதை பத்தி பேசவே மாட்டேங்கறீங்க. நம்ம ஊர் தோலை வாங்கிட்டு போய் லேபிள் ஒட்டி விக்கறாங்க, அவ்வளவுதான் டிசைனர் பேக்.

செந்தில், ரெண்டு விஷயத்தை சேத்து கொழப்பறீங்க. அந்த 53 யூரோ, சப்ளையருக்கு சேத்து தைக்க குடுத்த கூலி. தோல் விலை அதுல இல்ல, டிசைன், கடை, விளம்பரம் எதுவும் இல்ல. அதனால 53க்கு செஞ்சு 2,600க்கு வித்தான்னு சொன்னா அது சரியில்ல. அப்புறம், ஆம்பூர்ல அதிகம் ஷூவும் ஃபினிஷ்டு லெதரும்தான். எர்மெஸ் பிரான்ஸ்ல சொந்தமாவே டேனரி (தோல் பதப்படுத்தற ஆலை) வெச்சிருக்கு, எல்லா பிராண்டும் நம்மகிட்டதான் வாங்குதுன்னு பெருமைக்கு வேணா சொல்லிக்கலாம்.

செந்தில்: நீங்க பிராண்டுக்கு வக்காலத்து வாங்கற மாதிரி இருக்கு.

ரம்யா: லாபம் வெக்கறது குத்தமா செந்தில்? பட்டுப்புடவைக்கு நெசவாளிக்கு என்ன போகுது, கடையில என்ன விலை? அங்க மட்டும் யாரும் கேக்கறதில்ல.

செந்தில்: அதையும்தான் கேக்கணும். ஒரு தப்பை காட்டி இன்னொரு தப்பை நியாயப்படுத்தாதீங்க சிஸ்டர்.

ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. வக்காலத்து இல்ல செந்தில், எனக்கு கோவம் வேற எடத்துல. 2024 ஜூன்ல மிலான் கோர்ட் டியோரோட தயாரிப்பு கம்பெனி ஒண்ணை கோர்ட்டே போட்ட நிர்வாகியோட கண்காணிப்புல வெச்சுது, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அர்மானியோட கம்பெனிக்கும் அதேதான். அந்த கோர்ட் பேப்பர்ல விலையை விட மத்த விஷயம்தான் எனக்கு உறுத்துச்சு. வேலையாளுங்க பட்டறையிலயே தூங்கியிருக்காங்க. கரன்ட் பில்லை வெச்சு ராத்திரியும் லீவு நாளும் மெஷின் ஓடினதை கண்டுபிடிச்சாங்க. வேகத்துக்காக பசை போடற மெஷின்ல இருந்து பாதுகாப்பு மூடியை கழட்டி வெச்சிருக்காங்க. அர்மானி கேஸ்ல வேலை செஞ்ச எடம் 93 யூரோவுக்கு குடுத்த பையை நடுவுல ஒரு சப்ளையர் 250க்கு பிராண்டுக்கு வித்திருக்கான், கடையில அது 1,800 கிட்ட. பாருங்க, நடுவுல கை மாத்தினவனுக்கு வந்தது தைச்சவனுக்கு வந்ததை விட ஜாஸ்தி.

இதே தொழில்ல சென்னையில என்ன நடக்கும் தெரியுமா? வெளிநாட்டு பையர் (நம்மகிட்ட வாங்கற கம்பெனி) அனுப்பற ஆடிட்டர் வருவாரு. ஃபயர் எக்ஸிட் முன்னாடி ஒரு அட்டைப்பெட்டி இருந்தா பாயின்ட் எழுதுவாரு, பாத்ரூம் எண்ணுவாரு, ஓவர்டைம் ரிஜிஸ்டரை தாள் தாளா புரட்டுவாரு, பசை போடற டேபிள்ல எக்ஸாஸ்ட் ஓடலைன்னா ஷிப்மென்ட்டே நிக்கும். அதை தப்புன்னு சொல்லல, நல்லதுதான். ஆனா மிலான் பக்கத்துலயே இருக்கற பட்டறைக்குள்ள எட்டி பாக்காம, 'மேட் இன் இத்தாலி'ன்னு இருந்தாலே சுத்தம்னு விட்டுட்டாங்க பாருங்க. டியோர் மேல வெச்ச கண்காணிப்பை 2025 ஆரம்பத்துல எடுத்துட்டாங்க, சப்ளையரை மாத்தி சரி பண்ணினாங்கன்னு. பண்ணட்டும். ஊர் பேரை மட்டும் பாத்து காசு குடுக்கறவங்க இதை ஒரு தடவை படிச்சுட்டு குடுங்க.

ரம்யா: அப்ப இந்தியாவுல செஞ்சதும் அதே தரமா வரும்னு சொல்றீங்களா?

வரும். மெஷின் அதே, நூல் அதே, பசை அதே. பையர் எவ்வளவு நேரத்துக்கு காசு குடுக்கறாங்கறதுதான் வித்தியாசம். நாலு கோட் எட்ஜ் கலருக்கு குடுத்தா நாலு அடிப்போம், ஒண்ணுக்கு குடுத்தா ஒண்ணு.

செந்தில்: இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சண்டை போடறேன்.

மாலதி: 8,000 ரூபாய்க்குள்ள நல்ல லெதர் டோட்? லோகோ வேண்டாம்.

ஹைடிசைன் பாருங்க, 1978ல புதுச்சேரியில ஆரம்பிச்சது, வெஜிடபிள் டேன் தோலுக்கு பேரு போனது, சீசன் சேல்ல உங்க பட்ஜெட்டுக்கே வரும். சென்னைக்கு வந்தா பெரியமேடு பக்கம் ஒரு நடை போங்க. மேல சொன்ன ஓரம், மூலை, ஹேண்டில் டெஸ்ட்டை அங்க பண்ணுங்க, ரெக்சினை லெதர்னு விக்கறவங்களும் இருக்காங்க.

அருண், நியூஜெர்சி: கோச் பிராண்டோட அவுட்லெட்ல (தள்ளுபடி கடை) பாதி விலைக்கு கிடைக்குதே, அள்ளிடலாமா?

அவுட்லெட்டுல இருக்கறதுல நெறைய அவுட்லெட்டுக்குன்னே தனியா செய்யற ஐட்டம். பழைய விலைன்னு டேக்ல போட்டிருக்கறதுக்கு அது கடையில வித்ததே இல்லாம இருக்கும். கேக்கற விலைக்கு பை நல்லா இருக்கான்னு மட்டும் பாருங்க.

ஜெனிஃபர்: தங்கம் மாதிரி இன்வெஸ்ட்மென்ட்டா வாங்கலாமா?

வேண்டாம். எர்மெஸோட பர்கின், கெல்லி, அப்புறம் சில ஷனெல் பைகள் தவிர கடை வாசலை தாண்டினதும் விலை எறங்கும். தங்கம் வேணும்னா தங்கம் வாங்குங்க.

விக்னேஷ்: சார் மாஸ்டர் குவாலிட்டி, 7ஏ குவாலிட்டின்னு சொல்றாங்களே, அது ஃபர்ஸ்ட் காப்பியை விட...

அதுவும் திருட்டுதான். ஏ எத்தனை போட்டாலும்.

உமா, திருச்சி: ஆன்லைன்ல வாங்கின பை ஒரு வருஷத்துல தோல் உரியுது. தச்சு குடுப்பாங்களா?

உரியறது தோல் இல்லம்மா, பியு (பாலியூரித்தேன்) கோட்டிங். நம்ம ஊர் ஈரக்காத்துல பியு தானா சிதையும், உபயோகிக்காம வெச்சிருந்தாலும் உரியும். தைக்க அங்க ஒண்ணும் இல்ல, தூக்கி போடுங்க. ஜிப்போ ஹேண்டிலோ போன நிஜ தோல் பையா இருந்தா மட்டும் ரிப்பேருக்கு காசு செலவு பண்ணுங்க.

பானு: மாஸ்டர் என் பையிலயும் பூஞ்சை, பையோட குடுத்த துணி உறை, அந்த டஸ்ட் பேக் தொலைஞ்சு போச்சு, அதனால பாலிதீன் கவர்ல...

தேவிக்கு சொன்னதை படிங்க. தலையணை உறை. பாலிதீன் வேண்டாம். கெஞ்சி கேக்கறேன்.

ராஜேஷ்: பத்து லட்சத்துக்கு மேல பை வாங்கினா வரி புடிக்கறாங்களாமே?

ஆமா, 2025 ஏப்ரல் 22ல இருந்து கடைக்காரர் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விக்கும்போதே வசூல் பண்ற வருமான வரி, புடிப்பாரு, ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். அதுக்கு மேல ஆடிட்டரை கேளுங்க சார், அந்த விலையில நான் பையை தைச்சிருக்கேனே தவிர வாங்கினது இல்ல.