ஸ்கேன் நார்மல்தான், ஆனாலும் இப்போது குதிரை ஏற வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஒரு வருடமாக வாரம் ஒரு நாள் குதிரை ஏற்றம் கற்றுவந்தாள். இந்த விடுமுறையில் தடை தாண்டும் தீவிர வகுப்பில் சேர்த்தோம். வாரத்தில் ஆறு நாள், காலையும் மாலையும், இரண்டு போனிகளை (சிறு ரகக் குதிரைகளை) மாற்றி மாற்றி ஓட்டுகிறாள். மூன்று வாரமாகத் தொடையின் உள்பக்கமும் இடுப்பும் வலிக்கிறது என்கிறாள். ஐந்து நாளுக்கு முன் போனி தடைக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டதில் இவள் முன்பக்கமாகப் போய் விழுந்தாள். தலைக்கவசம் போட்டிருந்தாள். பயம் தங்கிவிடக் கூடாது என்று பயிற்சியாளர் உடனே மறுபடி ஏற்றிவிட்டார். அன்று இரவு தலைவலி, குமட்டல். சி.டி. ஸ்கேன் நார்மல் என்றார்கள். ஆனால் இப்போதும் ட்ராட்டில், அதாவது குதிரை குலுங்கிக் குலுங்கி மெதுவாக ஓடும்போது, தலை வலிக்கிறதாம். வரும் ஞாயிறு வகுப்பின் கடைசிப் போட்டி, விடலாமா? லாயத்திலிருந்து வந்தால் தும்மல், இரவில் இருமல் வேறு.

பதில்: விடாதீர்கள். போட்டி மட்டும் இல்லை, இன்றைய மாலை வகுப்பும் வேண்டாம். அவள் அழுவாள், கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவளுக்குக் கன்கஷன், அதாவது மூளை அதிர்வுக் காயம், இருப்பதாகத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேன் நார்மல் என்றதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். சி.டி. ஸ்கேன் காட்டுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். அவை இல்லை என்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் கன்கஷன் ஸ்கேனில் தெரிகிற விஷயமே இல்லை. மூளை குலுங்கியதில் அதன் செயல்பாடு தற்காலிகமாகத் தடுமாறுகிறது, அதைத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெளிச்சம் பிடிக்காமை, எரிச்சல், தூக்கம் மாறுவது, படித்தது மனதில் நிற்காதது இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஐந்து நாள் கழித்தும் சேணத்தில் குலுங்கினால் வலிக்கிறது என்றால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

ஆறாத நிலையில் ஏறினால் என்ன ஆகும்? இந்தச் சமயத்தில் சமநிலையும் சுதாரிக்கும் வேகமும் குறைந்திருக்கும், அதனால் மறுபடி விழும் வாய்ப்பே அதிகம், அப்படி விழுந்து இரண்டாவது அடி பட்டால் அறிகுறிகள் வாரக்கணக்கில் இழுக்கலாம், அரிதாகச் சிறு வயதினரிடம் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. விழுந்ததும் உடனே ஏற வேண்டும் என்பது குதிரைக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பழக்கம், உங்கள் பயிற்சியாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இப்போது சர்வதேசத் தடை தாண்டும் போட்டிகளில்கூடச் சுற்றின் நடுவே வீரர் விழுந்தால் அவர் அந்தச் சுற்றிலிருந்து வெளியேற்றப்படுகிறார், மறுபடி ஏறி மிச்சத் தடைகளைத் தாண்ட விடுவதில்லை. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஏறக் கூடாது. பயத்தைப் போக்க அடுத்த வாரமும் இருக்கிறது.

இனி இவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்: தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், வலிப்பு, கை கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, பேச்சுக் குழறல், நடத்தையில் விசித்திரமான மாற்றம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, கழுத்து எலும்பின் மேல் வலி.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரே இருட்டறையில் படுக்கவைக்க வேண்டியதில்லை, முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும் என்பதுதான் இன்றைய வழக்கம். நடக்கட்டும், வீட்டு வேலை செய்யட்டும். அது தலைவலியைக் கூட்டவில்லை என்றால் வேக நடை, சைக்கிள், அப்புறம் ஓட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், தலைவலி திரும்பினால் ஒரு படி பின்னால். அறிகுறி ஒன்றுமே இல்லாமல் இதெல்லாம் முடிந்து, மருத்துவர் நேரில் பார்த்துச் சரி என்ற பிறகுதான் சேணம்: முதலில் அமைதியான போனியில் நடை, பிறகு ட்ராட், அதைவிட வேகமான ஓட்டமான கேன்டர், தரையில் கிடத்திய கம்புகள், கடைசியில்தான் தாழ்ந்த தடை. பிள்ளைகளுக்கு இதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிப்பது சாதாரணம்.

அந்தத் தலைக்கவசத்தை இனி பயன்படுத்த வேண்டாம். வெளியில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் நுரை அடியை வாங்கி நசுங்குவதன் மூலம்தான் காப்பாற்றுகிறது, நசுங்கியது திரும்ப எழும்பாது. புதிதாக வாங்கும்போது குதிரை ஏற்றத்துக்கென்று தரச்சான்று பெற்றதாகப் பாருங்கள், சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது.

சரி, தொடை வலிக்கும் இடுப்பு வலிக்கும் வருவோம். தடை தாண்டும்போது உட்காருவதில்லை. அங்கவடியை (சேணத்தில் கால் வைக்கும் வளையத்தை) உயர்த்திக் கட்டி, பின்புறத்தைச் சேணத்திலிருந்து தூக்கி, உடல் எடையைத் தொடை வழியாகக் குதிகாலுக்கு இறக்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் ஸ்பிரிங் மாதிரி மடக்கி நிற்க வேண்டும். உள்தொடைத் தசை இறுகிக்கொண்டே இருக்கும், போனியின் முதுகு அகலமாக இருந்தால் இன்னும் மோசம். வாரம் ஒரு மணி நேரம் ஓட்டிய பெண் திடீரென்று ஒரு நாளில் இரண்டு வகுப்பு என்றால் எந்தத் தசையும் முரண்டு பிடிக்கும், தவறு அவளுடைய உடலில் இல்லை, கால அட்டவணையில் இருக்கிறது. இரு பக்கமும் ஒரே மாதிரி வலித்து, இரண்டு மூன்று நாள் ஓய்வில் குறைந்தால் கவலை இல்லை.

ஆனால் 13 வயது வளரும் வயது. இந்த வயதில் எலும்பின் முனைகளில் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு தசைநாரைவிடப் பலவீனமானது, பெரியவர்களுக்குத் தசைப்பிடிப்பாக முடிவது பிள்ளைகளுக்கு எலும்புத் துணுக்கே பிய்ந்து வருவதாக ஆகலாம். ஒரு பக்கம் மட்டும் வலி, 'படக்' என்று சத்தம் கேட்டது, நொண்டுகிறாள் என்றால் காட்டுங்கள். நொண்டலோடு தொடையிலோ முழங்காலிலோ வலி வந்தால் இடுப்பு மூட்டையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வோம், ஏனென்றால் இந்த வயதில் இடுப்பு மூட்டின் வளர்ச்சித் தட்டு நழுவினால் வலி முழங்காலில் தெரிந்து எல்லோரையும் ஏமாற்றும். இடுப்பு என்று நீங்கள் சொல்வது கீழ்முதுகாக இருந்து, பின்பக்கம் வளையும்போது வலி கூடினால் முதுகெலும்பில் நுண்முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டதால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வலி மாத்திரை கொடுத்து வகுப்புக்கு அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம், வலி மறைந்தால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்கே தெரியாது.

திரும்பப் போகும்போது நாளுக்கு ஒரு வகுப்பு, தடை ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். தடையே இல்லாத நாளில் சமதரையில் ஓட்டிக் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது, இதை நல்ல பயிற்சியாளர்களே சொல்வார்கள்.

தும்மல், இருமல் குதிரையின் பொடுகாலும் வரலாம், வைக்கோல் தூசியாலும் பூஞ்சையாலும் வரலாம். லாயம் கூட்டும் வேலையும் வைக்கோல் உதறும் வேலையும் இவளுக்கு வேண்டாம், வீடு வந்ததும் குளித்து உடை மாற்றட்டும், அந்த உடை படுக்கையறைக்குள் வரக்கூடாது. இரவு இருமல் ஆஸ்துமாவின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம், அதனால் மூச்சில் விசில் சத்தமோ நெஞ்சு இறுக்கமோ இருக்கிறதா என்று கவனித்து, போகிற மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். அதே சந்திப்பில் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப்போங்கள், டெட்டனஸ் கிருமி குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் இருப்பது, விழுந்ததில் சிராய்ப்பு ஏதும் இருந்து கடைசி ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இன்னொன்று போடச் சொல்வார்கள்.