குருவி பார்க்கிறான், புத்தகம் தொட மாட்டேன் என்கிறான்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. பாடப் புத்தகத்தை எடுத்தாலே கொட்டாவி விடுகிறான். ஆனால் மொட்டைமாடியில் மணிக்கணக்கில் நின்று பறவைகளைப் பார்க்கிறான். இதை வைத்து அவனைப் படிக்க, எழுத வைக்க முடியுமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஆனால், 'நாலு வரி எழுதினால்தான் மாடிக்குப் போகலாம்' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதோடு பறவையும் போச்சு, எழுத்தும் போச்சு.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுங்கள். புதுப் பறவை வந்தால் உடனே பெயரைச் சொல்லிவிடாதீர்கள். கைப்பேசியையும் எடுக்க வேண்டாம். மெர்லின் செயலியில் படத்தைக் காட்டினால் நொடியில் பெயர் வந்துவிடும்; அப்புறம் அவன் எதற்கு எழுத வேண்டும்? பார்த்ததை எழுதிய பிறகுதான் பறவைக் கையேட்டைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பெரிய கறுப்புப் பறவை' என்றுதான் எழுதுவான். கையேட்டைப் புரட்டினால் காகம், அண்டங்காக்கை, செம்போத்து எல்லாமே அதற்குப் பொருந்தும். அப்போது கேளுங்கள்: காக்காயைவிடப் பெரிதா? கண் என்ன நிறம்? 'கண் சிவப்பு' என்று மட்டும் எழுதினால் ஆண்குயிலும் போட்டிக்கு வந்துவிடும். அடுத்த முறை, 'காக்கா அளவு, கண் சிவப்பு, இறக்கை செங்கல் நிறம், வேலியோரம் நடந்து போச்சு' என்று வரும். செம்போத்துதான் என்று அவனே கண்டுபிடிப்பான். அனுபவப்பட்ட பறவை ஆர்வலர்களும் இப்படித்தான், தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு அளவைக் குறிப்பார்கள்.

இதற்குள் கையேட்டில் நாலைந்து பறவைகளைப் பற்றி வாசித்து, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பார்த்திருப்பான். கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்டாத பிள்ளைகள்கூட இதைச் செய்வார்கள். பத்தியும் சின்னது, பக்கத்திலேயே படமும் இருக்கிறது.

'போச்சு' என்று எழுதினால் விட்டுவிடுங்கள். அந்த நோட்டில் சிவப்பு மை படவே கூடாது. திருத்தத்துக்கு வேறு இடம் இருக்கிறது: பார்த்ததைப் பற்றித் தாத்தா பாட்டிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதச் சொல்லுங்கள். இன்னொருவருக்குப் புரிய வேண்டும் என்றால் லகர, ளகரத்தை அவனே உங்களிடம் கேட்பான்.

ஜனவரியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் பார்த்து, என்ன பறவை, எத்தனை என்று பட்டியல் போட்டால் போதும். அதை, பறவைப் பட்டியல்களைச் சேகரிக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் நீங்கள் ஏற்றிவிடலாம்.

பைனாகுலர் இப்போதைக்கு வேண்டாம். மைனாவும் தவிட்டுக்குருவியும் வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும். அந்தக் காசில் தமிழில் ஒரு நல்ல கையேடு வாங்குங்கள்.