வேர்ட்பிரஸ் தளமும் எப்.ரி.பி.யும்: திருகோணமலை அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

உப்புவெளியில் விடுதி நடத்தும் ஒருவர்: விடுதியின் படங்களை எல்லாம் பைல்சில்லா என்ற எப்.ரி.பி. மென்பொருள் மூலம் வேர்ட்பிரஸின் அப்லோட்ஸ் கோப்புறையில் ஏற்றினேன். மீடியா பகுதியில் ஒரு படம்கூடத் தெரியவில்லையே?

படங்கள் உங்கள் தளம் இருக்கும் கணினியான சேர்வரில் இருக்கின்றன. ஆனால் அவை இருப்பது, தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்குத் தெரியாது. களஞ்சியத்தில் மூட்டையை இறக்கிவிட்டுப் பேரேட்டில் பதியாமல் விட்ட நிலைதான் இது. நிர்வாகப் பக்கத்தின் வழியாக நீங்கள் ஒரு படத்தை ஏற்றும்போது, அது கோப்புறையில் சேமிக்கப்படுவதோடு, தரவுத்தளத்தில் அதற்கென ஒரு பதிவும் உருவாகிறது, சிறிய அளவுப் பிரதிகளும் தயாராகின்றன. உங்கள் கணினிக்கும் சேர்வருக்கும் இடையே கோப்புகளைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான எப்.ரி.பி., கோப்பை இடம் மாற்றுவதோடு நின்றுவிடும். தரவுத்தளத்தை அது தொடுவதே இல்லை. ஏற்றிய படங்களைப் பதிவுசெய்ய ‘அட் ஃப்ரொம் சேர்வர்’ போன்ற செருகுநிரல் (வேர்ட்பிரஸுக்குக் கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்) உதவும்; கட்டளை வரி வசதி இருந்தால் வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவியான டபிள்யூ.பி.-சி.எல்.ஐ.யின் மீடியா இம்போர்ட் கட்டளை இன்னும் நல்லது. கோப்பு பெரிதாக இருப்பதாக நிர்வாகப் பக்கம் மறுத்ததால் இந்த வழிக்கு வந்திருந்தால், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி.யின் ஏற்ற வரம்பை உயர்த்தித் தருமாறு, தளத்துக்குச் சேர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். அதன் இயல்பு வரம்பு வெறும் 2 மெகாபைட்தான்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்: கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கோப்புறைப் பட்டியல் வரும் இடத்தில் நின்று, சற்று நேரத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. வீட்டில் 4ஜி ரவுட்டர் பாவிக்கிறேன்.

இது விரிவாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. எப்.ரி.பி. 1971ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. இன்று நாம் பின்பற்றும் வரையறை 1985இல் வெளியானது. ஒவ்வொரு கணினிக்கும் தனக்கென ஒரு நேரடி முகவரி இருந்த காலம் அது. ஆகவே அந்த நெறிமுறை இரண்டு இணைப்புகளைப் பாவிக்கிறது: கட்டளைகள் 21ஆம் போர்ட் (சேர்வரின் எண்ணிட்ட வாயில்) வழியே செல்லும், கோப்புகளும் பட்டியல்களும் தனியான இரண்டாவது இணைப்பில் வரும். அக்டிவ் முறையில் அந்த இரண்டாவது இணைப்பைச் சேர்வரே உங்கள் கணினியை நோக்கித் தொடங்கும். உங்கள் ரவுட்டருக்குப் பின்னாலும், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் கைத்தொலைபேசி வலையமைப்புக்குப் பின்னாலும் இருக்கும் கணினியை அதனால் எட்ட முடியாது; எனவே கடவுச்சொல் செல்கிறது, பட்டியல் வருவதில்லை. பாஸிவ் முறைக்கு மாறினால் இரண்டு இணைப்புகளையும் நீங்களே தொடங்குவீர்கள். பெரும்பாலும் அத்துடன் சிக்கல் தீரும். அப்போதும் நின்றால், சேர்வரின் தீச்சுவர் பாஸிவ் போர்ட்களை அடைத்து வைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு: எஸ்.எப்.ரி.பி.க்கு மாறுங்கள். பெயர் ஒத்திருந்தாலும் அது எப்.ரி.பி.யின் உறவினர் அன்று. எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான இணைப்புக்குள் ஓடும் தனி நெறிமுறை. அனைத்தும் 22ஆம் போர்ட்டில் ஒரே இணைப்பாக, மறைகுறியாக்கத்துடன் செல்வதால், மேற்சொன்ன தொல்லை எதுவும் அங்கே எழாது.

மூதூரிலிருந்து ஒருவர்: செருகுநிரலைப் புதுப்பிக்க முயன்றால் வேர்ட்பிரஸ் எப்.ரி.பி. விவரங்களைக் கேட்கிறது.

வேர்ட்பிரஸ் ஒரு சோதனைக் கோப்பை எழுதிப் பார்த்து, அதன் உரிமையாளரும் வேர்ட்பிரஸ் கோப்புகளின் உரிமையாளரும் ஒருவர்தானா என்று ஒப்பிடுகிறது. வேறுபட்டால் இந்தப் படிவம் தோன்றும். உரிமையைச் சரிசெய்து தருமாறு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்பதே முறை. வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் உள்ள கொன்பிக் கோப்பில் எப்.எஸ்.-மெதட் என்பதை ‘டைரக்ட்’ என்று எழுதும் குறுக்குவழி, பி.எச்.பி.க்கு எழுதும் அனுமதி உண்மையிலேயே இருந்தால் மட்டும் பயன்படும். கொன்பிக் கோப்பைத் தொடும் முன் அதன் பிரதி ஒன்றைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: இதே சிக்கலுக்கு 777 அனுமதி கொடுக்கச் சொல்கிறார்களே?

கொடுக்காதீர்கள். 777 என்றால் சேர்வரில் உள்ள எவரும் அதில் எழுதலாம். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644; இவற்றில் எழுதும் அனுமதி உரிமையாளருக்கு மட்டும்.

நகரப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை: ஒரு செருகுநிரலைப் புதுப்பித்த பின் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. நிர்வாகப் பக்கமும் திறக்கவில்லை.

எப்.ரி.பி.யின் அருமை தெரிவது இந்த வேளையில்தான். பிளகின்ஸ் கோப்புறைக்குள் அந்தச் செருகுநிரலின் கோப்புறையை மட்டும் வேறு பெயருக்கு மாற்றுங்கள். அதைக் காணாத வேர்ட்பிரஸ் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். அதன் அமைப்புகள் தரவுத்தளத்தில் இருப்பதால் அவை அழியமாட்டா. எந்தச் செருகுநிரல் குற்றவாளி என்று தெரியாவிட்டால் மட்டும் பிளகின்ஸ் கோப்புறையையே பெயர் மாற்றுங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல் இத்தகைய வேளையில் மீட்பு இணைப்பு ஒன்று நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு வரும். முதலில் அதையும் தேடிப் பாருங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: எப்.ரி.பி.யில் ஏற்றிய படகுப் படங்கள் மீடியாவில் வரவில்லை.

உப்புவெளி அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சீனக்குடாவிலிருந்து ஒருவர்: இத்தனை பாடு எதற்கு? கோப்பு மேலாளர் செருகுநிரல் ஒன்றை வேர்ட்பிரஸிலேயே நிறுவினால் போதுமே.

நான் உடன்படமாட்டேன். மேலே ஆசிரியைக்கு நேர்ந்ததுபோல் தளம் படுத்துவிட்டால் அந்தச் செருகுநிரலும் கூடவே படுத்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், 2020 செப்டெம்பரில் நடந்தது: 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த டபிள்யூ.பி. பைல் மனேஜர் செருகுநிரலின் ஓட்டை வழியாக, உள்நுழையாத எவரும் பி.எச்.பி. கோப்பை ஏற்றித் தளத்தைக் கைப்பற்ற முடிந்தது. 6.9 பதிப்பில்தான் அது அடைக்கப்பட்டது.

மீண்டும் சீனக்குடா: எப்.ரி.பி.யில் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே செல்கிறது. அது மட்டும் பாதுகாப்பானதா?

இல்லை, அதில் உங்கள் பக்கமே நியாயம். 2021இல் குரோம், பயர்பொக்ஸ் இரண்டுமே எப்.ரி.பி. ஆதரவை நீக்கிவிட்டன. விடுதிகளின் பொது வைஃபையில் அமர்ந்து வெறும் எப்.ரி.பி. பாவிப்பவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் கவலைதான். ஆனால் அதற்கு மாற்று எஸ்.எப்.ரி.பி.யே தவிர, வேர்ட்பிரஸுக்குள் இன்னொரு கதவைத் திறந்து வைப்பது அன்று.

குச்சவெளியிலிருந்து ஒருவர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கட்டுப்பாட்டுப் பக்கமான பனலில் உள்ள கோப்பு மேலாளரை இருவருமே மறந்துவிட்டீர்களா?

நல்ல குறுக்கீடு. அது வேர்ட்பிரஸுக்கு வெளியே இயங்குவதால் நான் சொன்ன இரு குறைகளும் அதற்கு இல்லை. ஓரிரு கோப்புகளைத் திருத்த நானும் அதையே பாவிக்கிறேன். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஏற்ற வேண்டுமானாலும், எப்.ரி.பி.யில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிப் பரிமாற்றம் நடந்து நேரம் போவதால், சுருக்கிக் கட்டிய ஒரே சிப் கோப்பாக ஏற்றிப் பனலில் விரிப்பது விரைவானது. அறுந்த இடத்திலிருந்து பெரிய கோப்பைத் தொடர்வதற்குப் பைல்சில்லாவே மேல்.

அநுராதபுரச் சந்தியிலிருந்து ஒருவர்: கொன்பிக் கோப்பை நோட்பேடில் திருத்தியபின் ‘ஹெடர்ஸ் ஒல்ரெடி சென்ட்’ என்று பிழை வருகிறது.

தமிழ் எழுத்துகளைக் காக்க யு.ரி.எப்.-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமித்திருப்பீர்கள். பழைய நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் பி.ஓ.எம். என்னும் கண்ணுக்குத் தெரியாத குறியீட்டையும் சேர்த்துவிடும். நோட்பேட்++இல் திறந்து, பி.ஓ.எம். இல்லாமல் சேமியுங்கள். பிரதி எடுத்திருந்தால் அதைத் திரும்ப ஏற்றினாலும் போதும்.

கந்தளாயிலிருந்து ஒருவர்: எப்.ரி.பி.யில் அனைத்தையும் இறக்கி வைத்திருக்கிறேன். அது முழுமையான காப்புப் பிரதிதானே?

அன்று. உங்கள் கட்டுரைகள், பக்கங்கள், பயனர் விவரங்கள் யாவும் தரவுத்தளத்தில் இருக்கின்றன, தரவுத்தளத்தைக் கையாளும் கருவியான பி.எச்.பி.மைஅட்மின் வழியாக அதையும் ஏற்றுமதி செய்யுங்கள்.

நகரிலிருந்து ஒருவர்: ஏற்றிய படங்கள் மீடியாவில்...

உப்புவெளி.

கோயில் தளம் ஒன்றைப் பராமரிக்கும் சபை உறுப்பினர்: தளத்தைக் கவனித்த தம்பி வெளிநாடு போய்விட்டார். அவருடைய வேர்ட்பிரஸ் கணக்கை நீக்கிவிட்டோம். போதுமா?

போதாது. எப்.ரி.பி. கணக்கு ஹோஸ்டிங் பனலில் தனியாக இருப்பது. வேர்ட்பிரஸ் கணக்கை நீக்கியதால் அது நீங்கிவிடாது. அதையும் நீக்குங்கள். தம்பிமீது ஐயமில்லை என்றாலும், பைல்சில்லாவில் மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்காதவரின் கணினியில் உங்கள் கடவுச்சொல் எளிதில் படிக்கக்கூடிய வடிவில் கிடக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மேலும், எப்.ரி.பி. அணுக்கம் இருந்தவர் கொன்பிக் கோப்பைப் படித்திருக்க முடியும். அதில் தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கிறது. ஆகவே அதைப் பனலில் மாற்றி, கொன்பிக் கோப்பிலும் உடனே மாற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் தளம் திறக்காது. அதே கோப்பிலுள்ள இரகசியச் சாவி வரிகளையும் புதிதாக்கினால், உள்நுழைந்திருப்பவர்கள் அனைவரும் வெளியேற்றப்படுவார்கள். முதலில் பிரதி.