அவள் மன்னிக்காதபோது நான் என்னை மன்னிக்கலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு ஒரே ஒரு நெருங்கிய தோழி. கடனில் கடையை இழந்த அவளுடைய அப்பா, குடும்பத்தோடு பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஜூலையில் பேச்சுப்போட்டிக்கு எனக்குப் பதிலாக அவளைத் தேர்ந்தெடுத்த கோபத்தில், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அதை எழுதிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அழித்தும் பயனில்லை. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். இப்போது அவள் இரண்டு பெஞ்சு தள்ளி உட்காருகிறாள், பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திகள் நாற்பதுக்கு மேல். என் எண்ணையே தடுத்துவிட்டாள். சிரித்தால்கூடக் குற்றமாகத் தோன்றுகிறது. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. அவள் படம் வரைந்து கொடுத்த உயிரியல் ரெக்கார்டு நோட்டைத் திறக்கவே கை வரவில்லை. அவள் மன்னிக்காமல் நான் என்னை மன்னித்துக்கொள்வது நியாயமா?
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)

பதில்: மகளே, சிறு வயதில் காய் விட்டால், மறுநாளே இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டுக்கொள்ளலாம். பதினேழு வயதில் அப்படி ஒரு வழி இல்லாமல் போவதுதான் உன்னை இவ்வளவு வாட்டுகிறது என்று நினைக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீ செய்தது சிறிய தவறில்லை. ஒரு குடும்பத்தின் வறுமையை, நம்பிச் சொன்னவளின் வாயிலிருந்து வாங்கி, அவளைக் காயப்படுத்தவே பயன்படுத்தினாய். ‘போனால் போகட்டும், எல்லோரும் செய்வதுதானே’ என்று நான் எழுதினால் நீயே நம்பமாட்டாய்.

திருக்குறளில் வினைத்தூய்மை அதிகாரத்தில் 655ஆம் குறளை எடுத்துப் பார். ‘எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று’ என்பது அது. ‘ஐயோ, என்ன செய்துவிட்டேன்’ என்று பின்னால் வருந்தும்படியான செயலைச் செய்யாதே என்னும் முற்பகுதியில் சிக்கல் இல்லை. தவறிச் செய்துவிட்டால் என்ன செய்வது என்னும் பிற்பகுதியில்தான் உரைகள் பிரிகின்றன. மீண்டும் அத்தகையதைச் செய்யாதிருத்தல் நன்று என்று மு. வரதராசனார் பொருள் சொல்கிறார். பரிமேலழகரோ, பின்னிருந்து அந்த இரங்கலைச் செய்யாதிருத்தல் நன்று என்கிறார். உன் கேள்விக்கு இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே வேண்டும் என்பது என் எண்ணம். இரங்கிக்கொண்டே இருப்பவர், தான் திருந்திக்கொண்டிருப்பதாக நம்பிவிடுகிறார். ஆனால் அந்த இரங்கலால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு துளி நன்மையும் சேர்வதில்லை.

மனநலத் துறையினர் குற்றவுணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துப் பேசுவார்கள். ‘நான் செய்தது தவறு’ என்பது முன்னது, ‘நானே கெட்டவள்’ என்பது பின்னது. முன்னது தவறைச் சரிசெய்யத் தூண்டும். பின்னது ஒளிந்துகொள்ளத் தூண்டும். நீ சிரிப்பதற்கு அஞ்சுவதும், அவள் வரைந்த நோட்டைத் திறக்காமல் இருப்பதும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. சினத்தைத் தடுத்து நிறுத்த உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கோபம் வரும்போது கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வர வேண்டியவள் நீ என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த நாற்பது செய்திகளைப் பற்றி: அவற்றை உன் வலி தீர வேண்டும் என்றே அனுப்பியிருக்கிறாய். இது கடுமையாகத் தோன்றலாம், ஆனாலும் உண்மை என்று நம்புகிறேன். பேச விரும்பாதவளிடம் மீண்டும் மீண்டும் மன்னிப்பைக் கேட்பது, காயப்பட்டவளிடமே மருந்தும் கேட்பது போன்றது. இனி வேறு எண்ணிலிருந்தோ, தோழிகள் மூலமாகவோ தூது விடாதே. மாறாக, காயம் எங்கே நேர்ந்ததோ அங்கே போ. அவள் வீட்டு விவரம் எதையும் மறுபடி சொல்லாமல், ‘நம்பிக்கையோடு சொன்னதை நான் வெளியிட்டது என் தவறு, படத்தை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள், இனி யாரும் அதைப் பேச வேண்டாம்’ என்று அதே குழுவில் எழுது. உன் மதிப்புக் கொஞ்சம் குறையலாம், குறையட்டும். பேச்சுப்போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால், அங்கேயே மறுத்துச் சொல். அவளுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதி, பதில் எதிர்பார்க்கவில்லை என்று அதிலேயே குறிப்பிட்டு, வகுப்பாசிரியையிடம் கொடுத்து, அவள் வாங்க விரும்பினால் மட்டும் சேர்க்கச் சொல்.

இவற்றுக்குப் பிறகும் அவள் பேசாமலே போகலாம். மன்னிப்பதும் மறுப்பதும் அவளுடைய உரிமை. ஆனால் உன்னை நீ மன்னிக்க அவளுடைய ஒப்புதல் தேவையில்லை. தவறை முழுதாக ஏற்று, சரிசெய்ய இயன்றதைச் செய்து, அதே தவறை இன்னொருவருக்குச் செய்யாமல் வாழ்வதுதான் அந்த மன்னிப்பு. அது ஒரே நாளில் வருவதில்லை. உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அம்மாவிடம் சொல். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் கட்டணமின்றிப் பேசலாம்.

ரெக்கார்டு நோட்டை நாளையே திற. அவள் வரைந்த படங்களைக் கிழிக்காதே, மறைக்காதே. மீதமுள்ள படங்களை, அவள் அளவுக்கு அழகாக வராவிட்டாலும், உன் கையாலேயே வரைந்து முடித்துக் கையெழுத்துக்கு வை.