குப்பை அஞ்சலுக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: எங்கள் தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மின்னஞ்சல் சர்வரில் ஸ்பாம்அசாசின் என்னும், ஸ்பாம் எனப்படும் குப்பை அஞ்சலை இனங்காணும் மென்பொருள் இயங்குகிறது. உறுப்பினர்களின் கடன் விண்ணப்பங்கள்கூட ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுகின்றன. வரம்பை 5இலிருந்து 10ஆக உயர்த்திவிடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உடனே 10க்குத் தாவ வேண்டாம். இந்த மென்பொருள், ஒவ்வோர் அஞ்சலையும் பல விதிகளால் சோதித்து, சந்தேகத்துக்குரியவற்றுக்கு மதிப்பெண் கூட்டியும் நம்பத்தக்கவற்றுக்குக் கழித்தும் வரும் மொத்தம், 'ரெக்வயர்டு ஸ்கோர்' என்னும் வரம்பைத் தொட்டால்தான் அதை ஸ்பாம் எனக் குறிக்கிறது. இயல்பான 5 என்பது தனி ஒருவருக்குப் பொருந்தும். பலர் பயன்படுத்தும் சர்வருக்கு அது கடுமையானது என்பதால், 8 அல்லது 10 வைக்கலாம் என அதன் ஆவணமே கூறுகிறது. ஆனாலும், தவறாகச் சிக்கிய கடிதங்களின் தலைப்பகுதியில் (ஹெடர்) 'எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ்' வரியை முதலில் படியுங்கள். எந்த விதிகள் தூண்டப்பட்டன என்பது அங்கேயே இருக்கும். ஒரே விதி திரும்பத் திரும்ப வந்தால், அதன் மதிப்பெண்ணை மட்டும் குறைப்பதே சரியான வழி. வரம்பை உயர்த்தினால் மோசடி அஞ்சல்களும் சேர்ந்தே உள்ளே வரும். சேமிப்புப் பணம் புழங்கும் சங்கத்துக்கு அது பெரிய ஆபத்து.

மலாயிலும் தமிழிலும் வரும் உண்மையான கடிதங்களை 'எஸ்ஏ-லேர்ன்' கட்டளையால் அந்த மென்பொருளின் பேய்சு வடிகட்டிக்கு (பழைய அஞ்சல்களிலிருந்து கற்று, புதியவை ஸ்பாமா என்று கணிக்கும் பகுதி) கற்பியுங்கள். நல்லவை 200, ஸ்பாம் 200 சேரும்வரை அது மதிப்பெண் வழங்காது. ஸ்பாம்அசாசின் தானாக எதையும் அழிப்பதில்லை, குறி மட்டுமே இடும். ஆகவே அழிக்கும் கட்டளை எதையும் அதனுடன் இணைக்காமல், ஸ்பாம் பெட்டியை நாள்தோறும் ஒருவர் பார்வையிடும்படி ஏற்பாடு செய்யுங்கள்.